மூன்றாம் மாடி ஏறிய ஆமை

இன்று காலை பசுந்தாங் சந்தையில் இறால் விற்கிறவள் தன் கூடைமேல் போட்டிருந்த ஈரச் சாக்கை எடுத்து உதறினாள். சணல், உப்பு, கொஞ்சம் சேறு. அந்த வாடை மூக்கில் ஏறியதும் கீரை வாங்க வந்த நான் கீரையை மறந்து நின்றுவிட்டேன். உன் வாடை என்று சொன்னால் நீ அடிக்க வருவாய். "ஏன்டி, நான் என்ன இறால் கூடையா?" என்பாய். ஆனால் அந்த ஒரு வருஷம் முழுக்க நம் இருவர் மேலும் இதுதான் அடித்தது. தலைக்கு ஊற்றினாலும் போகாது. பஸ்ஸில் யாரும் நமக்குப் பக்கத்தில் உட்கார மாட்டார்கள். அதுவும் நல்லதுக்குத்தான் என்று நீ சௌகரியமாகக் காலை நீட்டிக்கொள்வாய்.

கடல் உயிர்களைக் காக்கிற அந்தச் சின்னக் குழுவில் நான் சேர்ந்தது, பகல் முழுக்க மாமியார் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாமல். நீ சேர்ந்தது, நான் சேர்ந்ததால். கியாக்தானுக்கு பஸ், அங்கிருந்து படகு. ஆறு கடலோடு சேர்கிற பக்கத்துப் பர்மிய மீனவர் குடிசைகளில் போன இடமெல்லாம் ஒரே பேச்சு. வலையில் ஆமை மாட்டினால் வெட்டாதீர்கள். செத்ததுபோல் கிடந்தாலும் தூக்கி எறியாதீர்கள். பின்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி வையுங்கள், ஈரச் சாக்கைப் போர்த்துங்கள், பொறுத்திருங்கள், மூச்சு திரும்பும். பிள்ளைகளுக்குக் காட்ட நாம் வரைந்த பட அட்டைகளை நான் தூக்கிப் பிடிப்பேன், நீ பேசுவாய்.

முதலில் பேசியது நான்தான். என்னைப் பேசவிட்டால் என்ன ஆகும் என்று தெரிந்த பிறகுதான் அட்டை என் கைக்கு வந்தது. ஆற்றோர ஊர் ஒன்றில் நம் தமிழ்க் குடும்பங்கள் நாலைந்து இருந்தனவே, ஞாபகம் இருக்கிறதா? ஆமைப் படத்தைப் பார்த்ததும் ஒரு பெரியவர் விருட்டென்று எழுந்தார். "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது. படத்தைக்கூட உள்ளே கொண்டாராதீங்க" என்றார். நான் விடுவேனா? "அமீனாவை நீங்களே பார்த்ததில்லை, ஆமை மட்டும் வந்து என்னங்க ஐயா பண்ணிடும்?" என்று கேட்டுச் சிரித்தேன். பிள்ளைகளும் சிரித்தன. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

திரும்பும்போது படகில் நீ எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாய். நான் நோண்டி நோண்டிக் கேட்டதும், "நீ ஜெயிச்சுட்டே, போதுமா? நாளைக்கு அவர் வலையிலே ஆமை விழுந்தா உன்னையா கூப்பிடப் போறாரு?" என்றாய். அடுத்த முறை நீ தனியாகப் போய் அவரோடு வெற்றிலை போட்டுக்கொண்டே, "வீட்டுக்குள்ளே வேணாம் பெரியப்பா, கரையிலேயே வெச்சு விட்டுடுங்க" என்று சொல்லி அவரைச் சம்மதிக்க வைத்தாய். எனக்கு அன்று பொறாமையாக இருந்தது. இப்போது சொல்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

திஞ்ஞான் என்கிற பர்மியப் புது வருஷத் திருவிழாவுக்கு முந்தின வெயிலில்தான் அந்த ஆமை வந்தது. புது வருஷத்துக்கு உயிர்களை விடுதலை செய்து புண்ணியம் தேடுகிறவர்கள் மீனையும் ஆமையையும் வாங்கிக் குளத்தில் விடுகிற சமயம். நகரத்துப் புத்தர் கோவில் பகோடாக் குளம் ஒன்றைப் பார்த்துக்கொள்கிறவர் போன் செய்தார். யாரோ விட்ட ஆமைக்குக் காலே இல்லை, துடுப்புதான் இருக்கிறது, ஓரமாக மிதந்துகொண்டே கிடக்கிறது என்றார். போய்ப் பார்த்தால் பங்குனி ஆமை. தமிழில் அதன் பெயர் அதுதான் என்று நான் சொன்னதற்கு, "அப்போ சித்திரை பொறந்தா பேரை மாத்திக்குமா?" என்று அந்தப் பதற்றத்திலும் கேட்டவள் நீ.

ஆமையை விட்ட பர்மியப் பெரியம்மா தலையில் பூவோடு கைகூப்பி அங்கேயே நின்றிருந்தார். மீனவர் ஒருவரிடம் வாங்கி, வண்டி வைத்து, அவ்வளவு தூரம் கொண்டுவந்தாராம். இது கடல் ஆமை, இங்கே விட்டால் செத்துவிடும், பாவம் உங்களுக்குத்தான் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். நீ என் கையைக் கிள்ளினாய். பிறகு அவரிடம் பர்மியத்தில், "பாதி வழி கொண்டுவந்துட்டீங்க பெரியம்மா. மீதி வழிக்கு நாங்க இருக்கோம். புண்ணியத்தை நடுவழியிலே இறக்கி வெக்கலாமா?" என்றாய். அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாக்கின் ஒரு முனையைத் தானே பிடித்து டாக்ஸிவரை வந்தார்.

அவ்வளவு தூரம் படகுக்கு வர டாக்ஸிக்காரர் மறுத்துவிட்டார், வேறு வண்டியும் அன்று கிடைக்கவில்லை. நம் குழுவின் வண்டிக்காரர் பெட்ரோல் வரிசையில் மாட்டிக்கொண்டார். அதுவரை ஆமை என் வீட்டில் இருக்கட்டும் என்று பேசிக்கொண்டோம். நம் கட்டடத்தில் என்னுடையது கீழ்வீடு, உன்னுடையது மூன்றாம் மாடி. பின்னால் சிமென்ட் தளம், தொட்டி, குழாய் எல்லாம் இருக்கிறது. வேறு இடமே யோசிக்கத் தேவையில்லை.

என் மாமியார் வாசலில் இரண்டு பக்கமும் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். "அது உள்ளே வந்தா நான் வெளியே" என்றார். சோற்றில் உப்பு குறைந்ததற்கெல்லாம் அவரோடு தினமும் மல்லுக்கட்டுகிறவள் நான். அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. "அத்தை ஒத்துக்க மாட்டாங்கடி" என்று உன்னிடம் மெதுவாகச் சொன்னேன். நீ என்னைப் பார்த்தாய். அப்புறம், "சரி, தூக்கு, மேலே போவோம்" என்றாய். உன் வீட்டுக்காரர் வேலையிலிருந்து வரவில்லை. நீ ஒரு முனை, நான் ஒரு முனை, அரை மூட்டை அரிசி கனத்தைத் தூக்கிக்கொண்டு அந்த ஒடுங்கின படியில் மூன்றாம் மாடி ஏறினோம். ஊருக்கு உபதேசம் செய்தவள் தன் வீட்டுக்கு வேண்டாம் என்றதை உன் வீட்டுக்குச் சுமந்து போனேன்.

உன் மகள் தீரிக்கு அது திருவிழா. கரண்ட் இல்லாமல் மோட்டார் ஓடவில்லை. கீழே என் குழாயில் வாளி வாளியாகப் பிடித்துக்கொண்டு ஏறினாள். குழம்புக்குப் போடுகிற மாதிரி நீ கைக்கணக்கில் கல்லுப்புப் போட்டுக் கொடுக்க, அவள் சாக்கின் மேல் ஊற்றினாள். ஆமை புஸ்ஸென்று மூச்சு விடும்போதெல்லாம் சிரித்தாள். மறுநாள் சாயங்காலம் வண்டி வந்தபோது, "இன்னிக்கு ஒரு நாள் இருக்கட்டும்மா" என்று உன் காலைக் கட்டிக்கொண்டாள். காலை நீரோட்டம்தான் நல்லது என்று படகுக்காரரும் சொன்னார். நீ சரி என்றாய். மறுநாள் ஆறு கடலாகிற இடத்தில் அந்தப் பெரியம்மா புண்ணியத்தைப் பங்கிட நீர் வார்க்க, ஆமை நம்மைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனது. "நன்றி கெட்டது, உன்னை மாதிரியே" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாய். அது விளையாட்டுப் பேச்சுதான். எனக்குத்தான் சுருக்கென்றது.

மழை பிடித்துக்கொண்ட பிறகு நீ அடிக்கடி நெற்றியைப் பிடித்துக்கொண்டாய். படகில் ஒருநாள், இரத்தக் கொதிப்பு ஏறியிருப்பதாக டாக்டர் சொன்னார், மாத்திரை வாங்கினேன், போடத்தான் மறந்துபோகிறது, வீட்டில் சொல்லிவிடாதே, பயந்துவிடுவார்கள் என்றாய். நான் திட்டினேன். திட்டியதோடு சரி. உன்னை இழுத்துக்கொண்டுபோய் மறுபடி டாக்டரிடம் உட்காரவைத்திருக்க வேண்டாமா? அடுப்படியில் விழுந்தவள் நீ எழுந்திருக்கவே இல்லை. தலைக்குள் இரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

உன் கருமாதிக்கு வந்தவர்களுக்கு நான்தான் தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தேன். உன் நாத்தனார் தலையில் கைவைத்துக்கொண்டு, "ஆமையை வீட்டுக்குள்ளே ஏத்தினா அப்புறம் என்ன ஆகும்? சொல்லி வெச்சவங்க என்ன பைத்தியமா?" என்றார். கூடத்தில் ஒருவர்கூட மறுக்கவில்லை. உன் வீட்டுக்காரர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வருஷம் ஊர் ஊராகப் போய்த் தொண்டை கிழியக் கத்தியவள், தட்டோடு நின்றேன். அடுத்தவருக்குத் தேநீரை நீட்டினேன். கீழே இறங்கும்போது மாமியார் என் காதோடு, "நல்லவேளை, அன்னிக்கு நான் வாசல்லே நின்னேன்" என்றார். அவரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? அந்த 'நல்லவேளை' அவருக்கு முன்னாலேயே என் மனசில் ஒரு நொடி வந்துபோயிருந்தது. சீ, என்ன பிறவி நான்! உன் படத்துக்கு மாலை போட்டிருக்கிற வீட்டில் நின்றுகொண்டு அப்படி நினைத்தேன்.

அப்புறம் மாதக்கணக்கில் உன் வீட்டுப் படி ஏறாமல் தப்பித்துக்கொண்டே இருந்தேன். போன வாரம் வேறு வழியில்லை. பட அட்டைகள் உன் வீட்டில் இருந்தன, ஊர்களுக்குப் போக வேண்டியிருந்தது. தீரிதான் கதவைத் திறந்தாள். கிட்டத்தில் பார்த்தால் அடையாளமே தெரியவில்லை, பாதியாகிவிட்டாள். அட்டைக் கட்டை இரண்டு விரலால் பிடித்து நீட்டி, "எடுத்துட்டுப் போயிடுங்க சித்தி. இனிமே வீட்டிலே வேணாம்" என்றாள்.

"ஏன்டா கண்ணு?"

தமிழில் அவளுக்கு வரவில்லை. பர்மியத்தில் மூச்சுவிடாமல் சொன்னாள். வண்டி வந்தபோதே அனுப்பியிருந்தால் அம்மாவுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டது தான்தான். அத்தை, அதான் உன் நாத்தனார், சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் தன்னைத்தான் சொல்கிறார் என்று தெரிகிறது. அவளுக்குச் சோறு இறங்கவில்லையாம்.

நாலு வார்த்தை சொல்ல நான் பயந்ததால், உன் பிள்ளை இத்தனை நாளாகத் தாயைக் கொன்றவளாகத் தன்னை நினைத்துக்கொண்டு அந்த வீட்டில் நடமாடியிருக்கிறாள். படியிலேயே அவளை உட்காரவைத்துச் சொன்னேன். உன் தலைவலியை, மாத்திரையை, வீட்டில் சொல்லாதே என்று என்னிடம் சொன்னதை, எல்லாவற்றையும். கேட்டுவிட்டு அவள், "ஆமை ஒண்ணும் பண்ணாதுன்னா, உங்க வீட்டுலே ஏன் விடலை?" என்றாள்.

உன் மகள்தான், சந்தேகமே இல்லை.

"பயம்டா. மாமியார் மேலே பழியைப் போட்டேன். பயம் எனக்குத்தான்."

"அம்மாவுக்குப் பயம் இல்லையா?"

அவளிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை. இரண்டாம் மாடி திருப்பத்தில் மூச்சு வாங்க நின்றோமே, அங்கே நீ சொன்னதை அப்படியே சொன்னேன். "எனக்கும் பயமாத்தான் இருக்குடி. ஆனா இது செத்துப்போனா அதைவிடப் பயமா இருக்கும்." ஆமையை மேலே கொண்டுபோவது என்று நீயாகவே முடிவெடுத்தபோது இன்னும் அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, அவள் எதையும் கேட்கவும் இல்லை என்று சொன்னேன். அவள் அதைத் தனக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். பிறகு, "இதை அத்தைகிட்டேயும் சொல்லுவீங்களா?" என்றாள்.

உள்ளே போய்ச் சொன்னேன். நீ போனதிலிருந்து அங்கேயே தங்கிவிட்ட உன் நாத்தனார் மீன் அரிந்துகொண்டிருந்தார். உன் வீட்டுக்காரரும் இருந்தார். அந்த ஆமை என் வீட்டுக்கு வர வேண்டியது, நான்தான் கோழையாக இங்கே ஏற்றினேன், குழந்தைக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை, இவள் அம்மாவுக்கு இரத்தக் கொதிப்பு, மாத்திரை போடவில்லை என்றேன். மாத்திரை என்றதும் உன் வீட்டுக்காரர் தலையை நிமிர்த்தினார். ஆனால் நாத்தனாருக்கு அதெல்லாம் காதில் ஏறவே இல்லை. கத்தியைக் கீழே வைத்தார். "அடிப்பாவி! உன் வீட்டுக்கு வந்த சனியனை என் தம்பி வீட்டுக்கு ஏத்திவிட்டியா?"

நாக்கின் நுனிவரை பதில் வந்தது. உனக்குத்தான் தெரியுமே, என்னிடம் பதிலுக்குப் பஞ்சமா? ஆனால் தீரி எனக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். "அம்மாவுக்கும் பயம்தான் அத்தை. இருந்தும் தூக்கிட்டு வந்தாங்க" என்றாள். சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்த் தட்டில் சோறு போட்டுக்கொண்டாள். நான் பதிலை விழுங்கிக்கொண்டு கீழே வந்தேன்.

தெருவில் இப்போது பேச்சு வேறு மாதிரி ஆகிவிட்டது. கோவிலில் நான் போய் நின்றால் இரண்டு பேர் பேச்சை நிறுத்திக்கொள்கிறார்கள். என் வீட்டுச் சனியனை உன் தலையில் கட்டியவள் நான் என்கிறார்கள். நான் மறுப்பதில்லை. மறுத்தால் அந்தப் பழி திரும்ப மேலே ஏறி உன் மகளிடம் போய் நிற்கும், என்னிடமே கிடக்கட்டும். நீ போனது இரத்தக் கொதிப்பால் என்று எனக்குத் தெரியும், ஆமையால் ஒன்றும் ஆகாது என்றுதானே ஊர் ஊராகப் போய் இன்னமும் சொல்கிறேன். ஆனால் வாசல் தெளிக்கும்போது நீ சாக்கைப் பிடித்துக்கொண்டு அங்கே நிற்கிறாய், நான் உன்னை மேலே அனுப்புகிறேன். அவர்கள் சொல்வது பொய்தானே? பொய் என்று யார் சொன்னாலும் எனக்கு ஆறவில்லை. நீ ஒருத்தி சொன்னால் நம்புவேன். சொல்லேன்டி.