வாழைப்பூ நிறமும் மூன்று புள்ளியும்

அண்ணே, இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் அப்போதே சொன்னேன். மாரண்டஹள்ளியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சொல்லாதவர்கள் மறந்துபோனவர்கள். இன்று காலை பாலக்கோட்டில் தக்காளி லோடை இறக்கிவிட்டுத் திரும்பும்போது உங்கள் பட்டறையிலிருந்து எண்ணெய் கருகும் வாசம் வந்தது. வண்டி தானாகவே நின்றுவிட்டது. உள்ளே அடுப்பு முன்னால் அண்ணி. வாசலில் கத்திக்குக் காத்துக்கொண்டு ஒரு ஐந்நூறு பேர். சரி, ஐந்து பேர்.

நான் ஆறாவதோடு நின்றவன்தான். ஆனால் இரும்பில் எனக்குத் தெரியாதது கிடையாது. பழைய லாரி ஸ்பிரிங் பட்டைகளைத் தேடித்தேடி உங்களுக்குக் கொண்டுவந்து போட்டவனே நான்தானே. நீங்கள் பட்டையைப் பழுக்கக் காய்ச்சிப் பிடிப்பீர்கள், எதிரே நின்று அண்ணி சம்மட்டி போடுவார். சூடு ஆறுமுன் பிடியோரம் உங்கள் அடையாளமான மூன்று புள்ளி முத்திரை உளியை வைத்துக் குத்துவீர்கள். எண்ணெயில் முக்கி எடுத்த கத்தியைத் தேய்த்துப் பளபளப்பாக்கி மறுபடி மெல்லச் சூடு காட்டினால், முதலில் வைக்கோல் நிறம் ஓடும். அப்புறம் வாழைப்பூ நிறம். அந்த நொடியில் தண்ணீரில் விட வேண்டும். முந்தினால் கத்தி ஒடியும், பிந்தினால் மடங்கும்.

"நெறம் பாக்கறவன்தான்டா கத்தி செய்யறவன். மத்ததெல்லாம் சும்மா அடிக்கிற வேலை" என்பீர்கள்.

கடைசி நான்கு வருடம் உங்கள் கண்ணில் புரை. ஒருநாள் நான் உள்ளே நுழைந்தபோது, "இப்ப விடுங்க" என்றார் அண்ணி. நீங்கள் விட்டீர்கள்.

"அண்ணே, கண்ணு தெரியலையா?"

"ஊருக்கே கேக்கற மாதிரி கத்தாதடா. டீயைக் குடி."

குடித்தேன். என் வாழ்க்கையில் நான் காப்பாற்றிய ஒரே ரகசியம் அது.

நீங்கள் கண்ணை மூடிய மாதமே, கரும்பு வெட்டும் ஆட்களைக் கூட்டிவரும் ஏரியூர் மேஸ்திரி வந்தார். வருடாவருடம் இருபது கத்தி வாங்குகிறவர். அவர் விட்டால் மற்றவர்களும் விடுவார்கள். பட்டறைக்குப் பூட்டுதான்.

"தப்பா நெனைக்காதீங்கக்கா. அவரு கையை நம்பித்தாங்க வந்துட்டு இருந்தோம்."

அண்ணி, எடுத்து வைத்திருந்த கத்திகளைத் திரும்பவும் சாக்கில் சுற்ற ஆரம்பித்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"யோவ் மேஸ்திரி! ஆஸ்பத்திரியில அண்ணன் அந்த மூணு புள்ளி முத்திரைய என் கண்ணு முன்னாடிதான் அண்ணி கையில குடுத்தாரு. 'நாலு வருசமா நெறம் பாத்தது நீ. இனி முத்திரை குத்தறதும் நீதான்'னாரு. உன் இடுப்புல இருக்கற கத்தி எப்ப வாங்குனது?"

"ரெண்டு வருசம் ஆச்சுங்க."

"அதுவும் அண்ணி கண்ணுதான்."

மேஸ்திரி அந்தக் கத்தியை உருவி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெட்டும் விளிம்பில் ஒரு சில்லுகூடப் போகவில்லை. சாக்கோடு வாங்கிக்கொண்டு போனார். இன்று வாசலில் நின்ற ஐந்து பேரில் முதல் ஆள் அவர்தான்.

நீங்கள் எனக்குச் செய்து தந்த கத்தி இன்னும் என் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. தக்காளிக்கு அதைக் காட்டினாலே போதும், தானாக இரண்டாகிவிடும். இது சத்தியம். நான் சொல்வதெல்லாம் சத்தியம்தான், ஒன்றைத் தவிர. ஆஸ்பத்திரியில் நீங்கள் எதையும் கொடுக்கவில்லை, ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. முத்திரை உங்கள் சட்டைப் பையில்தான் கிடந்தது. எடுத்துக் கொடுத்தவன் நான். அது அண்ணிக்கும் தெரியும்.