பழைய கால்வாய் எங்கே ஓடியது

ஒருக்-சாய்,
ஏப்ரல் 19

அன்புள்ள தங்கை சைரகுல்லுக்கு,

அக்கா கால்பூபு எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உனக்கு இருமல் விட்டதா? சூடான தேநீரில் ஆட்டு வால் கொழுப்பைக் கரைத்துக் குடி. பேராசிரியர்களுக்கும் தொண்டை ஒன்றுதான்.

வானொலியில் உன் பெயரைச் சொன்னார்கள். சர்வதேச உறவுகள் துறைக்குத் தலைவரான முதல் பெண், இப்போது இரண்டு நாட்டு எல்லைக் குழுவிலும் முதல் பெண் என்று. கடைத்தெருவே என்னைச் சூழ்ந்துகொண்டது. இறைச்சிக்கடை ஜோரோபாய், "ஏக்கா, தங்கச்சிகிட்டச் சொல்லி என் மாட்டுக்கு ஒரு பாஸ்போர்ட் வாங்கிக் குடேன், தினமும் அந்தப் பக்கம் போய் மேயுது" என்றான். "மாட்டுக்குக் கெடைக்கும்டா, உன் மூஞ்சிக்குத்தான் கெடைக்காது" என்றேன்.

செவ்வாய்க்கிழமை மட்டும் ஏன் நமக்குக் கால்வாயில் தண்ணீர் விடுகிறார்கள் என்று சின்ன வயதில் கேட்டுக் கேட்டு என் உயிரை எடுத்தவள் நீ. இப்போது நான் கேட்கிறேன். அந்த எல்லைக் கோட்டைப் பேனா பிடித்து யார் போடுகிறீர்கள்? இரண்டு நாட்டுக்காரர்களும் ஒரே மேசையிலா சாப்பிடுகிறீர்கள்? உன் முதல் கருத்தரங்கில் வேலைக்காரி என்று நினைத்துத் தேநீர்க் கெண்டியைக் கையில் திணித்தார்களே. நீயும் எல்லோருக்கும் ஊற்றிவிட்டு நேராக மேடையேறிக் கட்டுரை படித்தாயே. அந்த ஆட்களில் யாராவது குழுவில் உண்டா?

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். பழைய வரைபடத்தில் கால்வாய்தான் எல்லை, அந்தக் கால்வாய் அப்போதும் இதே இடத்தில்தான் ஓடியதா என்று எழுதியிருந்தாய். அலுவலகத்தில் எவனும் பதில் சொல்லவில்லையாம். நாற்காலியை விட்டு எழுந்தால்தானே சொல்வான்.

வசந்தத்தில் ஊர்கூடித் தூர்வாருகிறோம் அல்லவா? வாரிய சேற்றை நம் கரையிலேயே கொட்டுகிறோம். எதிர்க்கரைக்கு வீச யாருக்கு முதுகு இருக்கிறது? எழுபது வருடம் இப்படிக் கொட்டினால் நம் கரை தடிக்கும், தண்ணீர் அந்தக் கரையை அரிக்கும். கால்வாய் கொஞ்சங்கொஞ்சமாக அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டது. யாரும் திருடவில்லை, எல்லாம் சோம்பேறித்தனம் செய்த வேலை.

சும்மா சொல்லவில்லை, தோண்டிப் பார்த்தேன். பின்னால் பேச்சு வரக் கூடாதென்று எதிர்க்கரை அரிசி வியாபாரி மவ்லூதாவையும் கூப்பிட்டுக்கொண்டேன். கரையிலிருந்து நம் பக்கமாக இடம் விட்டு இடம் குழி போட்டுக்கொண்டே வந்தோம். நாற்பத்தோராவது காலடியில் வழவழப்பான கூழாங்கல்லும் நத்தை ஓடும் கொட்டிக் கிடந்தன. பழைய கால்வாயின் படுகை அதுதான். அந்த இடம் எது தெரியுமா? என் ஆப்ரிகாட் கிடங்கின் முன்வாசல். கிடங்கும் பழம் உலர்த்தும் களமும் முழுசாகப் பழைய கோட்டுக்கு அந்தப் பக்கம்.

மவ்லூதா இடுப்பில் கைவைத்துச் சிரித்தாள். "அக்கா, உன் கிடங்கு எங்க நாட்டுல நிக்குது. இனிமே உள்ள போறதுன்னா என்னைக் கேட்டுட்டுப் போ." பிறகு சட்டென்று சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். இருபத்தாறு வருடம் மூட்டை சுமந்து கட்டியது என்று அவளுக்கும் தெரியும்.

ஊர்த்தலைவர் வீட்டுக்கே வந்துவிட்டார். "கால்வாய் நகரலன்னு ஒரே ஒரு வரி எழுதிப் போடு புள்ள. யாரு வந்து தோண்டப் போறா?" என்றார்.

மறைக்காமல் சொல்கிறேன், இரண்டு நாள் அந்த வரியை மனதுக்குள் எழுதிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நான் தோண்டியதை நாளைக்கு இன்னொருத்தன் தோண்டுவான். அக்காள் கிடங்குக்காகக் கோட்டை வளைத்தவள் என்று உன்னைச் சொல்வான். அதோடு விடமாட்டார்கள். பொம்பளையைச் சேர்த்தால் இப்படித்தான் என்று உனக்குப் பின்னால் வருகிறவளுக்கும் கதவைச் சாத்துவார்கள். நான் வியாபாரி, போனால் திரும்ப வருவது எது, வராதது எது என்று எனக்குத் தெரியும். கிடங்கை வேறிடத்தில் கட்டிக்கொள்ளலாம்.

நத்தை ஓடுகளைத் துணிப்பையில் போட்டு இந்தக் கடிதத்தோடு அனுப்பியிருக்கிறேன். குழுவின் மேசையில் எல்லோர் முன்னாலும் கொட்டு. கிடங்கு யாருடையது என்று அவர்கள் கேட்பதற்கு முன்னால் நீயே சொல்லிவிடு.

ஒன்றே ஒன்றுதான் உன்னிடம் கேட்கிறேன். கோடு போட்டு முடிகிறவரை எனக்குப் போன் செய்யாதே, வீட்டுக்கும் வராதே. உன் குரல் காதில் விழுந்தால் நான் எதையாவது கேட்டுவிடுவேன். முடிந்த பிறகு வா.

கோட்டை நேராகப் போடு, கண்ணே.

உன் அக்கா,
கால்பூபு