நீ அனுப்பிய கருஞ்சீரக எண்ணெய்

அன்புள்ள மகன் ஜெயரூபனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. துபாயில் நீ உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டுமென்று முருகனைக் கும்பிட்டுக்கொண்டு எழுதுகிறேன். இங்கே நாங்களும் நலம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் பேசினால் இந்த ஒற்றை அறை லயத்து வீட்டில் அப்பாவுக்குக் கேட்டுவிடும், அதனால்தான் கடிதம். பக்கத்து வீட்டு மதுஷா இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள்.

அப்பா இரத்தத்தில் சீனி கூடுகிற வருத்தத்துக்குக் குடிக்கிற மாத்திரையைச் சித்திரையோடு நிறுத்திவிட்டார், எனக்கே சொல்லவில்லை. மூட்டு வலிக்கென்று நீ அனுப்பினாயே கருஞ்சீரக எண்ணெய், எல்லாவற்றுக்கும் அதுவே போதுமாம். அது முடிந்ததும் வெறும் போத்தலைத் தூக்கிக்கொண்டு பெரகல பார்மசிக்குப் போய் அதே எண்ணெயை வாங்கி வாங்கிக் குடித்திருக்கிறார். தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டுகிற மலையில் குச்சி குத்தின கால் புண் ஆறவே இல்லை, இப்போது பெருவிரல் கறுத்துவிட்டது. உடனே ஆஸ்பத்திரிக்கு வந்து படுத்தால் விரலோடு போகும், தள்ளிப்போட்டால் காலையே எடுக்க வேண்டிவரும் என்று பதுளை டாக்டர் சொல்லிவிட்டார். இந்த மனுஷன் கட்டிலை விட்டு அசையமாட்டேன் என்கிறார், எண்ணெயிலேயே புண் ஆறிவிடும் என்கிறார். எனக்குச் சோறும் இறங்கவில்லை, தூக்கமும் இல்லை.

ஆத்திரம் தாங்காமல் பார்மசிக்கே போய்ப் பலீல் நானாவிடம் கேட்டேன், மருந்து படித்த நீங்கள் ஏன் இதைக் கொடுத்தீர்கள் என்று. பாவம், தலையைக் குனிந்துகொண்டார். கேட்டு வர்றவங்கள இல்லேன்னு அனுப்பினா அடுத்த கடைக்குத்தான் போவாங்க அக்கா, எங்க உம்மாவும் இதத்தான் குடிக்கிறாங்க, ஆனா மாத்திரைய நிப்பாட்டுங்கன்னு நான் சொல்லவே இல்ல என்றார். நிறுத்திவிட்டாரா என்று கேட்டீர்களா என்றேன். கேக்கல, துபாய் பார்மசியில வேல செய்ற மகனே அனுப்பினதுன்னு போத்தலக் காட்டினாரு, அவரு பாக்காததையா நான் பாக்கப் போறேன்னு குடுத்துட்டேன் என்றார்.

நீ யார் சொன்னதை நம்பி அனுப்பினாய் ராசா? உன்னைக் குற்றம் சொல்ல எழுதவில்லை, பாசத்தில்தான் அனுப்பினாய். ஆனால் என் பேச்சும் டாக்டர் பேச்சும் அவர் காதில் ஏறவில்லை, உன் பேச்சுத்தான் ஏறும். இதைப் பார்த்தவுடன் அப்பாவுக்குப் போன் எடு. ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று மட்டும் சொன்னால் சரி சரி என்று வைத்துவிடுவார். அந்த எண்ணெய் சீனிக்கு மருந்து இல்லை அப்பா, எனக்கே சரியாகத் தெரியாமல் அனுப்பிவிட்டேன் என்று உன் வாயால் சொல். வெட்கமாகத்தான் இருக்கும், அதைப் பார்த்தால் அப்பாவின் கால் போய்விடும்.

நேரத்துக்குச் சாப்பிடு. முருகன் உனக்கு எந்நேரமும் துணை இருப்பான். போன் எடுக்க மறந்துவிடாதே, நீ அனுப்பிய அந்த வெறும் போத்தலைக்கூட எறிய விடாமல், மகன் கையால் வந்தது என்று சாமித் தட்டில் வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
உன் அம்மா விஜயலெட்சுமி