நாலேகால் மணி நேரம்

அக்கா,

இன்று எங்கள் துபாய் விடுதிக்குப் புதிதாக வந்த நர்ஸ் பெண் ஒருத்தி போனில் தன் அம்மாவைத் தேற்றிக்கொண்டிருந்தாள். "சென்னையிலேர்ந்து துபாய் மூவாயிரம் கிலோமீட்டர்கூட இல்லம்மா. கூப்பிட்டா நாலேகால் மணி நேரத்துல வந்துடுவேன்."

"பொய் சொல்லாதே!" என்று கத்திவிட்டேன். பாவம், மிரண்டுபோனாள். உன்மேல் உள்ள ஆத்திரத்தை அவள்மேல் காட்டினேன்.

அந்தப் பொய்யை உனக்குச் சொன்னவள் நான்தான். நான் கிளம்பிய அன்று, மணப்பட்டில் நம் வாசலில் மீன்கூடையை இறக்கிவிட்டுக் கேட்டாய்: "எம்மாந் தூரம்டி அது? ஒரு அவசரம்னா வந்துடுவியா?"

"பிளேன்ல ஏறுனா நாலேகால் மணி நேரம்தான்க்கா."

"நம்ம வூட்லேர்ந்து மெட்ராஸ் ஏர்போர்ட்டுக்கே அம்மாம் நேரம் ஆவுதே!" என்று சிரித்தாய்.

அதை நீ இப்படிப் பிடித்துக்கொள்வாய் என்று நினைக்கவில்லை. மார்பில் வந்த கட்டியை எட்டு மாதம் புடவைக்குள் மறைத்தாய். வீடியோவில் பார்த்து, ஏன் இப்படி இளைத்துவிட்டாய் என்றால், "வெயில்ல அலையறேன் இல்ல, இன்னா பண்றது" என்பாய். அந்தக் கட்டியைச் சோதிக்கிற பிரிவில்தான் எனக்கு வேலை. முன்பின் தெரியாத பெண்களுக்கெல்லாம் தினமும் தைரியம் சொல்கிறவள் நான். என்னிடமா மறைத்தாய்?

உனக்கு ரொம்ப முடியவில்லை என்று மாமா கூப்பிட்டது வியாழக்கிழமை காலை. லீவுக்குக் கையெழுத்து வாங்கவே மாலையாயிற்று. மறுநாள் விடியற்காலை விமானத்தில்தான் இடம் கிடைத்தது. நாலேகால் மணி நேரத்தில் இறக்கிவிட்டார்கள், அதில் குறையில்லை. போனைத் திறந்தால், நீ விடியும்போதே போய்விட்ட செய்தி. வழியில் லாரி கவிழ்ந்து, சாலை மணிக்கணக்கில் அடைத்துக் கிடந்தது. பொழுது சாயும்வரை எனக்காகப் பார்த்துவிட்டு உன்னை எடுத்துவிட்டார்கள். நான் வந்தபோது பந்தலடியில் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

மாமாவின் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். "ஏன் மாமா சொல்லல?"

"அவதான் சத்தியம் வாங்கிக்கினா. 'நாலு மணி நேரத்துல வந்துடுவா, இப்பவே இன்னாத்துக்கு அவ வேலைய கெடுக்கணும்'னா." அவரும் அழுதார்.

என் வேலையைக் காப்பாற்ற நீ யாரடி? உன்னை நான் மன்னிக்கவில்லை.

அதன்பிறகு ஒவ்வொரு லீவிலும், உன்னோடு மீன் விற்ற பெண்களின் வீடுவீடாகப் போய்க் கட்டி ஏதாவது இருக்கிறதா என்று கேட்கிறேன். போன வருஷம் நான் திரும்பவேண்டிய அன்று ஒருத்தி, "அக்கா செத்ததுலேர்ந்து இதுக்குப் பைத்தியம் புடிச்சிப்போச்சி" என்று கதவைச் சாத்தினாள். அவள் முகம் சரியில்லை. வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"நீ தொறக்காம நான் போமாட்டேன். பிளேன் போனா போவட்டும்!"

வெயில் உச்சிக்கு ஏறியபிறகு கதவு திறந்தது. என் கையை இழுத்துத் தன் மார்பில் வைத்தாள். கோலிக்குண்டு அளவு இருந்தது. கட்டிய புடவையோடு ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனேன்.

பிழைத்துவிட்டாள், அக்கா. இப்போது உன் தெருக்களில் அவள்தான் கூடை சுமந்துபோகிறாள். லீவில் வரும்போது அவள் மீன் கூவுகிற குரல் கேட்டால் எனக்குச் சந்தோஷம்தான். அடுத்த நிமிஷமே உன்மேல் ஆத்திரம் பொங்கிக்கொண்டு வருகிறது.