சந்தனமாரியின் ஆடுகள் மிதித்த ஓடுபாதை

தூத்துக்குடி,
18-9-1974

கர்த்தருக்குள் பிரியமான அத்தானுக்கு,

ஜெயபாய் எழுதிக்கொள்வது. நான் நல்ல சுகம். பம்பாயில் மழை விட்டதா, துறைமுகத்தில் வேலை எப்படி, போன மாதம் வாங்கின குடை இன்னும் கையில் இருக்கிறதா, அதையும் ரயிலில் விட்டுவிட்டீர்களா என்று எழுதவும்.

முதலில் முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன். நம் பந்தயத்தில் நான் ஜெயித்துவிட்டேன். ஜில்லா பெண்கள் விளையாட்டுப் போட்டி போன வெள்ளிக்கிழமை எங்கள் பள்ளிக்கூட மைதானத்திலேயே நடந்து முடிந்தது. போட்டி அங்கே நடந்துவிட்டால் என் டிரில் டீச்சர் வேலையைப் பற்றி நீங்கள் இனி வாய் திறப்பதில்லை, நடக்காவிட்டால் நான் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு பம்பாய்க்கு வந்துவிட வேண்டும் என்று ஈஸ்டர் லீவில் சொல்லிப் போனது நீங்கள்தான். இல்லை என்று சொல்ல முடியாது, உங்கள் அம்மாவும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மைதானம் உங்களுக்குத் தெரியும். வெறும் மணல். ஓடுகிற பிள்ளைக்குக் கால் புதையும், மேல்காற்று அடித்தால் பின்னால் வருகிறவளுக்குக் கண் தெரியாது. குளத்துக் கரம்பை மண்ணை வண்டி வண்டியாக இறக்கி, மணலோடு கலந்து ஓடுபாதை முழுக்கப் பரப்பினோம். தண்ணீர் தெளித்து உருளை இழுத்தோம். இரண்டே நாளில் காய்ந்து வெடித்து, புழுதியாய்க் கிளம்பி ஆபீஸ் அறைக்குள் போய் உட்கார்ந்தது. ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா மேசையைத் துடைத்துத் துடைத்து என்னையே பார்த்தார்கள்.

உப்பள மேஸ்திரி செந்தூர்பாண்டி அண்ணாச்சிதான் வழி சொன்னார். உப்பு வாரின பிறகு பாத்தியில் ஒரு கசப்புத் தண்ணீர் மிஞ்சுமாம். அதைத் தெளித்தால் மண் ஈரத்தை விடாது, தூசி எழும்பாது, அளத்துப் பாதைக்கு நாங்க அதத்தான் ஊத்துதோம் என்றார். மைதானம் போட்டிக்குத் தேறுமா என்று ஜில்லா அதிகாரி பார்வையிட வரும் திங்கட்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை, பீப்பாய் பீப்பாயாக ஊற்றினோம்.

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து எட்டிப் பார்க்கிறேன், மைதானத்தில் அறுபது ஆடு. உப்பு ருசி கண்டு, பாதையை ஆசை ஆசையாக நக்கிக்கொண்டிருக்கின்றன. கேட்டைத் திறந்து போட்டுவிட்டுக் கோயிலுக்குப் போனது வேறு யார், உங்கள் பெண்சாதிதான்.

பாதை முழுக்கக் குளம்புக் குழி. அப்படியே உட்கார்ந்து அழுதேன் அத்தான். பம்பாய்க்கு மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன். அழுது முடித்து, ஆட்டுக்காரி சந்தனமாரியிடம் சண்டைக்குப் போனேன். அவள் அசரவில்லை. விருந்தை விரிச்சு வச்சுட்டு வராதேன்னா எப்படி டீச்சரம்மா என்று கேட்டாள்.

திரும்பி வந்து குழிகளை நிரவலாம் என்று மண்வெட்டியைப் போட்டால் இறங்கவே இல்லை. மேலே ஒரு விரற்கடைக்குத்தான் குழி, அடியில் மண் இறுகிக் கிடக்கிறது. பத்து நாள் உருளை இழுத்து எங்களால் ஆகாததை அந்தக் குளம்புகள் ஒரே காலையில் செய்திருந்தன. ஆடு போகாத மேற்கு வளைவு மட்டும் பொதுபொதுவென்று இருந்தது. என்ன செய்ய, காலையில் திட்டினவளிடமே மத்தியானம் போய் ஆடுகளைக் கேட்டு நின்றேன். போட்டியன்று முன்வரிசையில் தனக்கு ஒரு நாற்காலி போட்டால் தருவதாகச் சொன்னாள். ஒப்புக்கொண்டேன். அன்று சாயங்காலமே வளைவையும் மிதிக்க வைத்து, மேலே உருளையை ஓட்டி மட்டமாக்கிவிட்டோம்.

மறுநாள் அதிகாரி பூட்ஸ் காலால் தட்டிப் பார்த்துவிட்டு, எந்த மெஷின் வைத்து இறுக்கினீர்கள் என்று கேட்டார். பொய்யே சொல்லாத ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா, எல்லாம் உள்ளூர் உதவிதான் சார் என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பவே இல்லை.

வெள்ளிக்கிழமை ஒரு பிள்ளைகூட வழுக்கி விழவில்லை. சந்தனமாரி தாசில்தார் வீட்டம்மாவுக்குப் பக்கத்து நாற்காலியில் புதுச்சேலையோடு உட்கார்ந்து, கடைசியாக வந்த பிள்ளைகளுக்கும் கை தட்டினாள். டீச்சர்மார் ஓட்டத்தில் நானும் ஓடினேன். முப்பத்துமூன்று வயதில் முதல் பரிசு, ஒரு எவர்சில்வர் தம்ளர். கயிற்றைத் தாண்டினதும் கூட்டத்தில் உங்கள் முகத்தைத் தேடினேன். நீங்கள் பம்பாயில் இருப்பது அந்த ஒரு நிமிஷம் மறந்தே போய்விட்டது. வீட்டுக்கு வந்து அந்தத் தம்ளரில் காப்பி ஊற்றி வைத்துக்கொண்டு, இதையெல்லாம் யாரிடம் சொல்ல என்று உட்கார்ந்திருந்தேன். காப்பி ஆறிப்போய்விட்டது.

இங்கே புதுத் துறைமுகத்தில் கிளார்க் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். விண்ணப்பத்தை இதோடு வைத்திருக்கிறேன். பெயர் தனராஜ், வயது, பம்பாயில் பார்க்கிற வேலை எல்லாம் நானே நிரப்பிவிட்டேன். கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறேன். முப்பதாம் தேதிக்குள் அது இங்கே வந்து சேர வேண்டும். பந்தயத்தில் ஜெயித்தவள் என்று அதிகாரமாகக் கேட்கவில்லை அத்தான். சும்மாதான் கேட்கிறேன்.

நீங்கள் போகும்போதும் வரும்போதும் கர்த்தர் கூட இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன். இப்போதெல்லாம் வரும்போது என்பதை இரண்டு தடவை சொல்லுகிறேன்.

உங்கள் அன்புள்ள,
ஜெயபாய்