குழிந்த பக்கத்து மூச்சு

புளியங்குளம்,
திருமங்கலம் பக்கம்.
4-2-1937

அன்புப் பேத்தி ஜெயக்கொடிக்கு,

இதை எழுதுவது வாத்தியார் இல்லை, உன் தாத்தாவேதான்! மதுரைக்குக் கிளம்பும் முன் நீ மணலில் எழுதிக் காட்டிய எழுத்துகள் இன்று காகிதத்தில் ஏறிவிட்டன. காலையில் தொடங்கினேன், இப்போது வெயில் மாட்டுத் தொட்டிக்கு வந்துவிட்டது. ஆனாலும் உன் பெயரை இரண்டு தடவை எழுதிப் பார்த்துக்கொண்டேன். எவ்வளவு அழகாக இருக்கிறது!

நேற்றுச் சோணைமுத்து இடுப்புப் பிடிப்போடு வந்தான். குப்புறப் படுக்கவைத்து இடுப்பில் மூன்று மிதி மிதித்தேன். "அண்ணே, இது காலா மருந்தா? ஒங்க ஆத்தா ஒங்களக் காலு முன்னால வரப் பெத்தது ஊருக்கே புண்ணியம்" என்று சொல்லிவிட்டு நிமிர்ந்து நடந்து போனான்.

உன் முதுகுக் கோணல் எப்படி இருக்கிறது? ஆஸ்பத்திரியில் என்ன செய்கிறார்கள்?

உன் தாத்தா,
காசிமாயன்


மதுரை,
10-2-1937

பிரியமுள்ள தாத்தாவுக்கு,

உங்கள் கடிதத்தை வார்டு முழுவதும் காட்டினேன்.

மருந்து எதுவும் இல்லை, தாத்தா. புடைத்த வலது விலாவுக்கு அடியில் துணிச் சுருளை வைத்து ஒருக்களித்துப் படுக்க வேண்டும். இடது கையை நீட்டிக் கட்டில் கம்பியைப் பிடிக்க வேண்டும். குழிந்த இடது பக்கத்தில் நர்ஸ் அழகம்மாள் உள்ளங்கையை வைப்பார். "என் கையைத் தூக்கு பார்ப்போம்" என்பார். அந்தப் பள்ளத்துக்குள் மூச்சை நிரப்பிப் பத்து எண்ணும்வரை வைத்திருக்க வேண்டும். எனக்கு ஐந்துக்கு மேல் வரவில்லை. நான்கு மாதமாக இதேதான். அலுத்துவிட்டது.

அப்பா வந்திருந்தார். "தாத்தா ரெண்டு மிதி மிதிச்சா நேராயிரும். இதுக்குப் போயி இம்புட்டு நாளா?" என்றார். 19ஆம் தேதி வெள்ளிக்கிழமை அழைத்துப் போக வருகிறார். எனக்கும் வீட்டுக்கு வர ஆசை. ஊரையே மிதிக்கிறீர்கள், என்னை மட்டும் ஏன் ஒருநாளும் மிதிக்கவில்லை?

பேத்தி,
ஜெயக்கொடி


புளியங்குளம்,
14-2-1937

அன்புப் பேத்திக்கு,

நீ வரக் கூடாது. இதை இன்னொருவர் கையால் எழுத முடியாது என்பதற்காகத்தான் இந்த வயதில் எழுத்துக் கற்றேன்.

உன் அப்பாவுக்கு ஒச்சாயி என்று ஓர் அக்கா இருந்தாள். அப்போது அவளுக்கு உன் வயது. உன் முதுகேதான். என் கால் பட்டால் நேராகிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். மூன்று செவ்வாய்க்கிழமை மிதித்தேன். "வலிக்கல அய்யா, மிதிங்க" என்றாள். மூன்றாம் வாரம் என் காலடியில் ஏதோ விட்டுக்கொடுத்தது. சத்தம் சிறியது, சுள்ளி ஒடிவதுபோல. அதன் பிறகு அவளுக்கு மூச்சு பாதிதான் வந்தது. ஐப்பசியில் போய்விட்டாள். காய்ச்சல் என்று ஊருக்குச் சொன்னேன்.

இருபத்தெட்டு வருஷமாக யார் முதுகில் ஏறினாலும் அந்தச் சத்தத்துக்காகவே என் கால் காத்திருக்கிறது. நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்களே என்று நிறுத்தவில்லை. இன்று நிறுத்திவிட்டேன்.

உன் அப்பன் முத்திருளனுக்குப் படிக்கத் தெரியாது. வெள்ளிக்கிழமை நீதான் அவனுக்கு இதைப் படித்துக் காட்ட வேண்டும். பிறகு அவன் என் முகத்தில் விழிக்காவிட்டாலும் சரி.

காசிமாயன்


புளியங்குளம்,
9-3-1937

அன்புப் பேத்திக்கு,

உன் அப்பா அன்று தனியாகத்தான் திரும்பினான். மாட்டைக் கட்டிவிட்டு வந்து நின்றான். "அக்கா வலிக்கலைன்னு சொன்னத வாசல்ல நின்னு கேட்டேன். அதான் ஒங்க கால நம்புனேன்" என்றான். அதன்பின் பேச்சில்லை. என் சோற்றை வைத்துவிட்டுப் போகிறான்.

மத்தியானம் எல்லோரும் காட்டுக்குப் போன பிறகு, நீ எழுதியபடி ஒருக்களித்துப் படுத்து மூச்சை நிரப்பி எண்ணுகிறேன். ஏழில் எனக்கு முடிந்துவிடுகிறது. பக்கத்தில் இன்னொரு மூச்சு, பாதி பாதியாக, எட்டு, ஒன்பது என்று போகப் பார்க்கிறது. எனக்குப் பயமில்லை. அது பத்தைத் தொடட்டும் என்று அசையாமல் கிடக்கிறேன். தொடுவதில்லை.

மூன்று வாரமாகத் தபால்காரர் நம் வீட்டைத் தாண்டிப் போகிறார். கோபம் இருந்தால் கடிதம் வேண்டாம். உனக்கு எத்தனை வரை வருகிறது? அதை மட்டும் ஒரு கார்டில் எழுதிப் போடு. நான் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொள்வேன்.

காசிமாயன்


மதுரை,
15-3-1937

ஒன்பது.

ஜெயக்கொடி