‘சாது’ என்று நான் எழுதிய நான்காவது பெட்டி

ஐயா, எல்லாவற்றுக்கும் முன் ஒரு வேண்டுகோள். இதைத் தயவுசெய்து யாருக்கும் காட்ட வேண்டாம். தங்கள் அலுவலகத்தில் தமிழ் வாசிக்கத் தெரிந்த வேறு எவரும் இருந்தால் அவருக்கும் வேண்டாம். கோப்பில் வைத்தே ஆக வேண்டும் என்றால் இந்த முதல் தாளையாவது கிழித்துவிடுங்கள். முகவரி இதில்தான் இருக்கிறது.

அனுப்புநர்:
பத்தாம் தர மாணவி (பெயரைக் கடைசியில் எழுதுகிறேன்),
பச்சை கேற் வீடு, மேல்மாடி,
தண்ணீர்த் தாங்கி ஒழுங்கை,
குண்டசாலை.

பெறுநர்:
திரு. எம். ஜமால்தீன் அவர்கள்,
வனசீவராசிகள் அதிகாரி,
கண்டி.

விடயம்: பலர் சேர்ந்து இருக்கும் எங்கள் வீட்டில் வளர்க்கப்பட்ட சிலந்தி ஒன்று பெட்டியில் இல்லை என்பதும், என் தம்பி வெள்ளிக்கிழமை அதே அறைக்குத் திரும்பி வர இருக்கிறான் என்பதும்.

மதிப்புக்குரிய ஐயா,

1. மார்ச் மாதம் தாங்கள் எங்கள் பாடசாலைக்கு வந்து காட்டு உயிர்களைப் பற்றிப் பேசினீர்கள். முடிவில், “பயமா இருந்தா பேர் போடாம எழுதுங்க, நான் வந்து பாக்கிறேன்” என்று சொன்னீர்கள். பின்வரிசையில் சிலர் சிரித்தார்கள். நான் தங்கள் பெயரைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டேன். அப்போது எனக்கு எழுத ஒன்றும் இருக்கவில்லை.

2. எங்கள் வீட்டில் நாங்கள் நால்வர். அம்மா, நான், ஆறு வயதான தம்பி யுகேஷ், அப்பாவின் தம்பி கஜேந்திரன் சித்தப்பா. அப்பா கட்டாரில் இருக்கிறார். சித்தப்பா பல்லேகலயில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். வாடகை ஒப்பந்தம் அவர் பெயரில்தான். கீழ்மாடியில் வீட்டுக்காரர் பஸ்லினா ஆன்ட்டியும், அவருடைய மகளும், மகளுக்குப் பிறந்து ஒரு மாதமான குழந்தையும் இருக்கிறார்கள். எங்கள் தரை பலகையால் ஆனது. பலகைகளுக்கு நடுவில் கீழ் வீட்டு வெளிச்சம் தெரியும். சில இடங்களில் என் சுண்டுவிரல் போகும்.

3. சித்தப்பா சிலந்தி வளர்க்கிறார். அந்தப் பெரிய, மயிர் உள்ள டரன்டுலா வகை. தாங்கள் அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதையும் எழுதுகிறேன். முதல் சிலந்தி இரண்டு வருடங்களுக்கு முன் வந்தது. அதற்கு முன் அவர் அம்மாவிடம் அனுமதி கேட்டார். “கடிக்கிறதா இருந்தா வாசலோட திருப்பி அனுப்பிருங்க தம்பி” என்று அம்மா சொன்னார். சித்தப்பா சிரிக்கவில்லை. “அண்ணி, இது தனியா இருக்கிறவன் வீடு இல்ல. நாலு பேரு இருக்கிற எடம். நாலு பேருக்கும் சரிப்பட்டு வர்றதத்தான் எடுக்கணும்” என்றார்.

அதன்படியே செய்தார். ஒரு மாதம் என்னை உட்கார வைத்து ஆங்கிலப் பக்கங்களை வாசிக்கச் சொன்னார். எது மெதுவாக நடக்கும், எது மூடியைத் திறந்தால் பாயாது, எது கடிப்பதற்குப் பதிலாக ஒதுங்கிப் போகும் என்று நான் வாசித்துச் சொல்ல, அவர் பட்டியல் போட்டார். அழகானது, அரிதானது எல்லாவற்றையும் வெட்டிவிட்டார். இறுதியில் வந்தது சிலி நாட்டு ரோஸ் வகை. நாள் முழுக்க ஒரே இடத்தில் இருக்கும். “வேலையும் செய்யாது, கடிக்கவும் செய்யாது, அதான் இதுக்கு மேனேஜர்னு பேர்” என்று சித்தப்பா சொன்னார். தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர் அப்படித்தான் பகிடி பண்ணுவார். அம்மாவும் சிரித்தார். பிறகு இன்னும் இரண்டு வந்தன. அவையும் சாதுவானவையே. குசினிச் சுவருக்குப் பின்னால் இருப்பதால், நானும் யுகேஷும் படுக்கும் எங்கள் அறைதான் வீட்டில் சூடானது. ஆகவே பெட்டிகள் எங்கள் அறை அலுமாரியின் மேல் வைக்கப்பட்டன. ஒவ்வொன்றிலும் நான் தமிழில் ‘சாது’ என்று எழுதி ஒட்டினேன். யுகேஷ் எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகிய முதல் சொற்களில் அது ஒன்று.

கீழ் வீட்டாருக்கு மட்டும் நாங்கள் சொல்லவில்லை. மீன் வளர்ப்பதாகச் சொல்லியிருந்தோம்.

4. நான்காவது பெட்டி சித்திரைப் புதுவருடம் கழிந்து ஒரு கிழமையில் வந்தது. ஹுன்னஸ்கிரிய பக்கத்திலிருந்து சித்தப்பாவுக்குத் தெரிந்த ஒருவர் பஸ்ஸில் கொடுத்து அனுப்பினார். உள்ளே இருப்பது தெரிகிற ஐஸ்கிறீம் டப்பா, சுற்றிலும் மண்ணிற டேப். உள்ளே இருந்தது வெளிநாட்டுச் சிலந்தி அல்ல. தாங்கள் பாடசாலையில் படம் காட்டினீர்களே, மரப் பொந்தில் இருக்கும் நம் நாட்டு விஷச் சிலந்தி, திவிமகுளுவா, அதுதான். கால்களின் அடிப்பக்கத்தில் மஞ்சள் பட்டை இருந்தது. பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம் என்று தாங்கள் சொன்னது எனக்கு நினைவு வந்தது. நான் சொல்லவில்லை. சித்தப்பாவின் முகத்தில் அவ்வளவு சந்தோசம் இருந்தது.

மூடியில் சிங்களத்தில் எழுதியிருந்தது. சித்தப்பாவுக்குச் சிங்களம் நன்றாகப் பேச வரும், வாசிக்க வராது. வீட்டுக்கு வரும் கரண்ட் பில், கிராம சேவகரின் கடிதம், மருந்துத் துண்டு எல்லாம் நான்தான் வாசிப்பேன். இரண்டாம் மொழியில் எனக்கு எப்போதும் ‘ஏ’. “பாப்பா, என்ன போட்டிருக்கு?” என்று கேட்டார். ‘ஹீலே’ என்று எழுதியிருந்தது. பழக்கப்பட்டது, சாதுவானது என்று அர்த்தம்.

“சாதுவாம் சித்தப்பா” என்றேன்.

“பாத்தியா, நம்ம ஊரு பூச்சியும் நல்ல பூச்சிதான்” என்றார். நான் நாலாவது தாளை வெட்டி, ‘சாது’ என்று எழுதி ஒட்டினேன்.

5. ஆனால் அது மற்ற மூன்றையும் போல் இல்லை. மூடியைத் தொட்டால் பெட்டிக்குள் ஒரு நிழல் ஓடி முடிந்திருக்கும், சிலந்தியைக் காண முடியாது. அது வந்த பிறகுதான் சித்தப்பா ஒரு சட்டம் போட்டார். எங்கள் அறைக் கதவை யாரும் தட்டக் கூடாது. தட்டினால் பலகை அதிரும், அது மிரளும். வெளியில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அம்மா அப்படித்தான் கூப்பிடுவார். யுகேஷ்கூட மறந்து தட்டியதில்லை.

6. கடந்த சனிக்கிழமை, 7ஆம் திகதி, ஹஜ்ஜுப் பெருநாள். பஸ்லினா ஆன்ட்டி மத்தியானம் வட்டிலப்பம் கொடுத்து அனுப்பியிருந்தார். பின்னேரம் மழை பெய்ததால் யுகேஷ் அறைக்குள் பந்து விளையாடினான். பந்து அலுமாரிக்கு அடியில் போனது. அவன் படுத்து, கையை உள்ளே விட்டான். அவன் போட்ட சத்தத்தை நான் எழுத விரும்பவில்லை.

சித்தப்பா டோர்ச் அடித்து அலுமாரிக்கு அடியில் பார்த்தார். பிறகு பெட்டியைப் பார்த்தார். பிறகு, “பூரான்” என்றார்.

ஓட்டோவில் போகும்போது என் காதருகில் பேசினார். “நர்சுகிட்ட நீதான் சிங்களத்துல சொல்லணும். பத்தேயான்னு சொல்லு. வேற எதுவும் வாயில வரக் கூடாது. வனத்துக்காரன் வந்தா என்னைய உள்ள தூக்கிப் போட்டுருவான். பெறகு வீடும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஒங்கப்பாவுக்குப் போன் போட்டு ஸ்கூலையும் நிப்பாட்டிருவேன்.” அம்மா மறுபக்கத்தில் யுகேஷைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஓட்டோச் சத்தத்தில் அவருக்குக் கேட்டிருக்காது.

நான் ‘பத்தேயா’ என்று சொன்னேன். பூரான் என்று அர்த்தம். நர்ஸ் எழுதிக்கொண்டார்.

7. ஞாயிறு காலை வீக்கம் குறைந்தது. திங்கட்கிழமை அவனுக்குக் கை கால்கள் இழுக்கத் தொடங்கின. விரல்கள் உள்ளே மடங்கி, நேராக்க முடியாமல், பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான். பூரான் கடிக்கு இப்படி வருவதில்லையே என்று வைத்தியர் அம்மாவிடம் கேட்டார். அம்மாவுக்கு விளங்காததால் என்னிடம் கேட்டார். என்ன நிறம், எவ்வளவு நீளம் என்றார். நான் ஒரு பூரானை அவருக்கு வர்ணித்துச் சொன்னேன். பாடப் புத்தகத்தில் இருந்த மாதிரி. அவர் நம்பினார். பயத்தால் வரும் இழுப்பாக இருக்கலாம், குறைந்தால் வெள்ளிக்கிழமை டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பலாம் என்று சொல்லியிருக்கிறார். வைத்தியரில் பிழை இல்லை. அவருக்குக் கிடைத்தது என் சிங்களம்.

8. சிலந்தி பெட்டியில்தான் இருக்கிறது என்று சித்தப்பா சொல்லிக்கொண்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். மரப்பட்டைக்குப் பின்னால் எட்டுக் கால்களும் தெரிந்தன. “இந்தா படுத்திருக்கு. இதுவா கடிச்சுச்சு?” என்றார். எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது.

நேற்று பொசொன் போயா விடுமுறை. அம்மா ஆஸ்பத்திரியில், சித்தப்பா கடைக்குப் போயிருந்தார். இரண்டு நாளுக்கு முன் உணவாகப் போட்ட கரப்பான் பெட்டிக்குள் உயிரோடு நடந்துகொண்டிருப்பதைக் கண்டேன். கதிரையில் ஏறி, மூடியைத் திறந்து, பென்சிலால் சிலந்தியைத் தொட்டேன். அது நகரவில்லை. பென்சில் அதற்குள் போனது. அது சிலந்தி இல்லை ஐயா. சிலந்தி கழற்றிப் போட்ட தோல். முதுகு திறந்து, உள்ளே ஒன்றும் இல்லாமல், கால்கள் மட்டும் அப்படியே.

மூடியைத் திருப்பி வைக்கும்போது டேப்பின் ஓரம் கிளம்பியிருந்தது. இழுத்தேன். அதன் கீழே இன்னொரு சொல் இருந்தது. ‘நே’. இல்லை என்று அர்த்தம். ஹீலே நே. அது சாது இல்லை. அனுப்பியவர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். டேப் ஒட்டியவரின் கை பாதியை மூடிவிட்டது. நான் மீதியைத் தேடவில்லை.

மூடியில் என் கையெழுத்தில் ‘சாது’ இன்னும் ஒட்டியிருக்கிறது.

9. அது வெறும் தோல் என்று சித்தப்பாவுக்குத் தெரியுமா, தெரியாதா என்பது எனக்குத் தெரியாது. தெரியாமல் நம்பிக்கொண்டிருந்தால் பாவம். தெரிந்துகொண்டே யுகேஷை இந்த அறைக்குக் கூட்டி வரப் போகிறார் என்றால், அவரை என்னவென்று சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. திங்கள் பின்னேரம் அம்மா உடுப்பு எடுக்க வந்தபோது மறந்துபோய்க் கதவைத் தட்டிவிட்டார். சித்தப்பா ஓடி வந்து, “தட்டாதீங்க அண்ணி, பூச்சி மிரளும்” என்று ஏசினார். அதனால் அவருக்குத் தெரியாது என்றே நம்புகிறேன். அவரிடம் கேட்கும் தைரியம் எனக்கு இல்லை.

10. ஆகவே தங்களிடம் தாழ்மையுடன் கேட்பது:

நாளை வியாழக்கிழமை, இல்லாவிட்டால் வெள்ளி காலைக்குள் வந்து எங்கள் அறையையும் பலகைத் தரையின் அடியையும் பாருங்கள். டெங்கு பரிசோதகர்களோடு சேர்ந்து வந்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். போன மாதம் இரண்டு தடவை வந்து பூச்சாடி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் பார்த்துவிட்டுப் போனார்கள். கீழ் வீட்டுத் தொட்டிலையும் பாருங்கள். அந்தத் தொட்டில் எங்கள் அலுமாரிக்கு நேர் கீழே கட்டியிருக்கிறது.

அதை அடித்துக் கொல்ல வேண்டாம். அது மரத்தில் இருந்தது. நாங்கள்தான் பிழையான வீட்டுக்குக் கொண்டு வந்தோம். மற்ற மூன்றையும் எடுத்துச் செல்வீர்கள் என்று தெரியும். மேனேஜரை மட்டும் குலுக்காமல் தூக்குங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது: கண்டி ஆஸ்பத்திரி சிறுவர் வார்டில் இருக்கும் யுகேஷைக் கடித்தது பத்தேயா அல்ல, திவிமகுளுவா என்று வைத்தியருக்குத் தங்கள் வாயால் சொல்லுங்கள். நான் சொல்லி அனுப்பியதாகவும் சொல்லுங்கள். பெயர் போடாமல் எழுதலாம் என்று தாங்கள் சொன்னீர்கள். ஆனால் பெயர் இல்லாத கடிதத்தை நம்பி வைத்தியர் மருந்தை மாற்றுவாரா? பூரான் என்று சொன்ன பிள்ளையே அது பொய் என்று கையொப்பம் வைத்தால்தான் நம்புவார். அதனால் பெயரை எழுதுவதென்று தீர்மானித்துவிட்டேன். வெளியே சொல்லாமல் வைத்தியருக்கு மட்டும் காட்டுங்கள்.

இதைச் சிங்களத்தில் எழுதியிருந்தால் தங்கள் அலுவலகத்தில் வேலை விரைவாக நடந்திருக்கும் என்று தெரியும். என் சிங்களத்தில் எனக்கு இனி நம்பிக்கை இல்லை.

11. அம்மா இன்று இரவும் வார்டில் தம்பியோடு இருக்கிறார். மேல்மாடியில் சித்தப்பாவும் நானும் மட்டும்தான். அவர் எட்டு மணிக்கே படுத்துவிட்டார். இரண்டு கால்களையும் கதிரையின் மேல் மடித்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நாளை காலை பாடசாலைக்குப் போகும் வழியில் பஸ்ஸிலிருந்து முன்னதாக இறங்கி, தங்கள் கையிலேயே இதைத் தந்துவிட்டுப் போவேன். அதற்கு முன் சப்பாத்தை நன்றாக உதறிப் பார்ப்பேன்.

என் சொல்லை நம்பித்தான் அந்தப் பெட்டி இந்த அறையில் வைக்கப்பட்டது. என் சொல்லை நம்பித்தான் தம்பிக்கு மருந்து கொடுக்கிறார்கள். இந்த மூன்றாவது சொல்லையும் தாங்கள் நம்ப வேண்டும் என்று கேட்க எனக்குத் தகுதி இல்லை. ஆனாலும் நம்பும்படி மன்றாடுகிறேன்.

இடம்: குண்டசாலை
திகதி: 2025.06.11

தங்கள் உண்மையுள்ள,

கதவைத் தட்டுகிறார்கள்.

பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. தட்டுகிறார். பலமாகத் தட்டுகிறார். பலகையெல்லாம் அதிர்கிறது. ஐயா, சித்தப்பாவுக்குத் தெரியும், பெட்டியில் ஒன்றும் இல்லை என்று அவருக்கு முதலிலிருந்தே தெரி